மழை நின்று பத்து நாள்

ஆகஸ்ட் 6

விடுதி மேலாளர் அவர்களுக்கு,

என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அண்ணன் மகள் படிக்கும் கல்லூரியில், தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களை உங்கள் மலைக்கு அழைத்துப் போக ஏற்பாடு நடக்கிறது. மாணவர்கள் முப்பத்தெட்டு பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். நான்கு நாள். பெரணிச் செடிகளும் பாசியும் சேகரிக்க வேண்டுமாம். 'உன் சித்தப்பாதான் அங்கே விடுதி நடத்துகிறாரே, எந்தக் காலம் நல்லது என்று கேட்டுச் சொல்' என்று பேராசிரியர் இவளிடம் ஒப்படைத்திருக்கிறார். இவள் என்னிடம் கேட்டாள். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் உங்கள் பேச்சை எடுப்பதில்லை. அதனால் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

மழை நின்றவுடன், செப்டம்பர் கடைசியில் போகலாம் என்பது பேராசிரியரின் யோசனை. அப்போதுதான் செடிகள் பசேலென்று இருக்கும், விடுதிகளிலும் பாதி வாடகை என்கிறார்.

எந்த வாரம் வரலாம், எந்த வாரம் வரக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். உங்கள் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கும். என்னால் முடியாது.

பதிலை நான் வேலை பார்க்கும் மருத்துவமனை மருந்தகத்தின் முகவரிக்கு அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி


ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

உறையைப் பார்த்ததும் மேசைமேல் வைத்தேன். ஐந்தாம் எண் அறைக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் விளக்கைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த விளக்குதான். அதற்குப் பிறகுதான் பிரித்தேன்.

அண்ணன் இறந்த பிறகு உங்களிடமிருந்து வரும் முதல் கடிதம். 'மேலாளர் அவர்களுக்கு' என்று இருந்தால் என்ன? நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, டப்பா மூடியில் என் வகுப்பை எழுதி ஒட்டுவீர்கள். அந்த எழுத்து எனக்கு மறக்குமா?

வாலு மூன்றாம் ஆண்டா? நான் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். அண்ணன் வைத்த அந்தப் பட்டப்பெயரை இப்போதும் கூப்பிடுகிறீர்களா, இல்லை, பெரியவளாகிவிட்டாள் என்று விட்டுவிட்டீர்களா?

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணி. தட்டிக் கழிப்பதாக நினைக்க வேண்டாம். மூன்று வருஷமாக நான் யாருக்கும் மாதம் சொல்வதில்லை. வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். 'எப்ப வந்தா நல்லா இருக்கும்?' என்பதுதான் இந்த ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. முன்பெல்லாம் பதில் என் நாக்கு நுனியில் இருக்கும். இப்போது சமையல்காரரைக் கை காட்டிவிடுகிறேன். அவர், 'உங்க வீட்டுல சண்டை இல்லாத மாசமாப் பார்த்து வாங்க சார்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. 'விடுதிக்காரன் பருவம் சொல்ல மாட்டேங்கிறான்னா, டாக்டர் நாடி பார்க்க மாட்டேங்கிற மாதிரி' என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான்.

வாடகைத் தாளும், மாதவாரியாக மழை, குளிர் அளவு அச்சடித்த தாளும் இணைத்திருக்கிறேன். பேராசிரியர் படித்தவர். அதைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.

எப்போது வந்தாலும் வாலுவுக்கு நல்ல அறை இருக்கும்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

மரியாதை போதும். அந்த அச்சடித்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டு பிள்ளைகள். நான் கேட்டது ஒரு வரி. அந்தச் சாலையின் இருபத்திரண்டு வளைவையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடியவன் நீ. பதினாலு வருஷமாக அங்கே இருக்கிறாய். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள் எப்போது ஏறலாம் என்று கேட்டால் சமையல்காரரின் நகைச்சுவையை எழுதி அனுப்புகிறாய்.

பேராசிரியர் நாள் குறித்துவிட்டார். செப்டம்பர் 27. பெற்றோர் ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. சாப்பாட்டு மேசையில் என் இரத்த அழுத்த மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. இன்று காலை இவள் கேட்டாள்:

'ஃபார்ம்ல கையெழுத்து போட்டியா?'

'பார்க்கறேன்.'

'ஒன்பது நாளாப் பார்க்கறே. அது என்ன எக்ஸ்ரேயா?'

'வாயை மூடிட்டு சாப்பிடு.'

'வாயை மூடிட்டு எப்படிம்மா சாப்பிடறது?'

அவள் அப்பாவின் வாய்தான். வாலு என்றுதான் இன்னும் கூப்பிடுகிறேன். அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறாள். சிரித்துவிட்டு எழுந்து போனாள். கதவருகில் நின்று, சிரிக்காமல், 'அப்பா போன இடத்தை நான் ஒரு தடவை பார்க்கணும்மா. நீ வரமாட்டே. காலேஜோடயாவது போறேன்' என்றாள்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் வேண்டாம் என்று மட்டும் நீ எழுது. ஏன் என்றும் எழுது. விடுதிக்காரன் எழுதினால் பேராசிரியர் கேட்பார். எத்தனை நாள் கழித்து வர வேண்டும் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததை எழுத உனக்கு என்ன கேடு?

அண்ணி


செப்டம்பர் 2

அண்ணிக்கு,

திட்டினாலும் 'நீ' என்று எழுதினீர்களே. அதை மூன்று தடவை படித்தேன்.

என்ன கேடு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தபோது என்னால் முடியவில்லை.

எனக்கு ஒரு விதி உண்டு. சாலை வேலை செய்யும் ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மழை நின்று பத்து நாள் போக வேண்டும். மழை பெய்யும்போது தண்ணீர் மேலோடு வழிந்து ஓடிவிடும். நின்ற பிறகு வெயில் அடிக்கும். அப்போதுதான் உள்ளே ஊறிய மண் இளகி, பிடிமானம் விட்டு இறங்கும். வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். சாலைத் துறையும் 'பாதை திறந்திருக்கிறது' என்று பலகை வைத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை என்று தோன்றும். அந்தப் பத்து நாள்தான் மோசமான நேரம். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதை நான் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன், 'எப்போது வரட்டும்?' என்று அண்ணன் கேட்டதாக நீங்கள் எழுதினீர்கள். பதிலை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வைத்திருந்தேன். பாதியில் எட்டாம் எண் அறைக்காரர் வந்து வெந்நீர் வரவில்லை என்று சண்டை பிடித்தார். எழுந்து போய் கொதிகலனைப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதி, ஒட்டி, தபால் வண்டியில் போட்டேன். திரும்பப் படிக்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மழை நின்ற நான்காம் நாள். நல்ல வெயில். காலை பத்தேகால் மணிக்குப் பதினேழாவது வளைவில் மண் இறங்கியது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் என்று சாலை ஆட்கள் வந்து சொன்னார்கள். 'ஐயோ பாவம்' என்றேன். அண்ணன் வருவதாகவே எனக்குத் தெரியாது. நீங்கள் போட்ட அட்டை மறுநாள் தபாலில்தான் வந்தது. அந்த வாரம் தொலைபேசிக் கம்பியும் அறுந்து கிடந்தது.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள், நான் உள்ளே நுழைந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். 'மழை நின்னதும் வாங்கன்னு எழுதினியே, நல்லா இருடா.' பத்து நாள் என்று எழுதினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அந்த வெந்நீர்ச் சண்டை வரைக்கும் நினைவிருக்கிறது. திரும்பி வந்து எங்கே விட்டேன், எங்கே தொடங்கினேன் என்று நினைவில்லை. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் சொல்கிறவன், சொந்த அண்ணனுக்கு எழுதும்போது அவருக்குத் தெரியாதா என்று விட்டிருப்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? இல்லையென்றால் அண்ணன் ஏன் நான்காம் நாள் கிளம்புகிறார்?

அதனால் நீங்கள் அன்று சொன்னது சரி. நான் எழுத மறந்துவிட்டேன். அதை ஒப்புக்கொண்டு இப்போதாவது எழுதுகிறேன்.

இப்போது என்னை மறுபடியும் நாள் சொல்லச் சொல்கிறீர்கள். அக்டோபர் 5 என்று எழுதுவேன். எழுதும்போது எதையாவது விட்டிருப்பேன். முப்பத்தெட்டு பேர். என்னை விட்டுவிடுங்கள் அண்ணி.

தம்பி


செப்டம்பர் 18

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. இந்தப் பன்னிரண்டு நாளில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

நீ எழுதியிருந்தாய்.

பார்த்து எழுதுகிறேன்: 'மழை நின்றதும் கிளம்பிவிட வேண்டாம். நின்ற நாளிலிருந்து பத்து நாள் எண்ணுங்கள். நடுவில் தூறல் விழுந்தாலும் முதலிலிருந்து எண்ணுங்கள். வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம், அண்ணா.' இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காம் வரியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மை நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது. வெந்நீர்ச் சண்டை அங்கேதான் நடந்திருக்க வேண்டும். திரும்பி வந்து நீ எழுதிய முதல் விஷயமே அதுதான்.

மருந்தகத்தில் பூட்டி வைக்க வேண்டிய மருந்துகளுக்கு ஓர் அலமாரி உண்டு. சாவி என்னிடம்தான் இருக்கும். உன் கடிதம் மூன்று வருஷமாக அதில் இருக்கிறது. வீட்டில் வைக்கப் பயம். எரிக்கவும் மனம் வரவில்லை.

உன் அண்ணனுக்கு வெல்டிங் வேலையில் கண் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் கண்ணில் நீர் வடியும். வண்டி ஓட்டத் தடையில்லை, பொடி எழுத்துதான் தெரியாது. அதனால் வீட்டுக்கு வரும் கடிதம், நாளிதழ், மின்கட்டணச் சீட்டு எல்லாவற்றையும் அவர் சவரம் செய்யும்போது நான்தான் சத்தமாகப் படிப்பேன். உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன்.

எனக்கு அக்டோபர் 4 முதல் 8 வரைதான் விடுப்பு கிடைத்திருந்தது. அதை விட்டால் ஜனவரி. ஐந்து வருஷமாக நாங்கள் எங்கும் போனதில்லை. படித்துக்கொண்டே வந்தவள் இரண்டாம் பக்கத்தை முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். அந்த நாலு வரியைத் தாண்டிப் படித்தேன். 'என்ன சொல்றான்?' என்றார். 'மழை நின்னதும் வரச் சொல்றான்' என்றேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. நீ எப்போதும் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறவன் என்றுதான் நினைத்தேன்.

மருந்துச் சீட்டில் ஒரு வரியை விட்டுப் படித்து மருந்து கொடுத்தால் என் வேலை போய்விடும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை.

இன்னும் இருக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் என் விடுப்பை ரத்து செய்தார்கள். 'அப்ப எல்லாரும் சேர்ந்து அப்புறம் போவோம்' என்றார் அவர். நான்தான், 'அட்டை போட்டாச்சு, தம்பி காத்துக்கிட்டு இருப்பான். நீங்களாவது போயிட்டு வாங்க' என்று அனுப்பினேன். வாலுவுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்ததால் அவளை விட்டுப் போனார். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

அன்று நீ உள்ளே வந்ததும் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. எப்படி வந்தது என்று தெரியாது. நீ மறுத்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எழுதியது தெரிந்தும் எனக்காக வாயை மூடிக்கொண்டாய் என்று நினைத்தேன். தெய்வம் மாதிரி நடந்துகொள்கிறானே என்று உன்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பில்தான் மூன்று வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ உன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. இது சத்தியம்.

பேராசிரியரிடம் நேரில் போய், மழை நின்று பத்து நாள் ஆகட்டும் என்று சொன்னேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, 'உங்க துக்கம் எனக்குப் புரியுதும்மா' என்றார். புருஷனைப் பறிகொடுத்தவள் புலம்புகிறாள் என்று நினைத்துவிட்டார். நான் இவளுக்குக் கையெழுத்து போடாமல் இருந்துவிடலாம். மற்ற முப்பத்தேழு பேரின் அம்மாக்கள் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நீதான் சொல்ல வேண்டும். உன் வார்த்தை அன்றைக்கும் சரியாக இருந்தது.

அண்ணி


செப்டம்பர் 23

நேற்று மாலையோடு மழை நின்றது. பாதை திறந்த பலகையை இன்று காலை வைத்துவிட்டார்கள்.

பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். 27ஆம் தேதிக்கு அறை இல்லை என்றேன். வேறு விடுதி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படி வந்தால் அடிவாரச் சோதனைச் சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், பேருந்து என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும் என்றேன். 'தடுக்கறதுக்கு நீங்க யார் சார்?' என்றார். 'அதே ரோட்டுல அண்ணனைப் பறிகொடுத்தவன். பதினாலு வருஷமா இங்க இருக்கறவன்' என்றேன். எழுத்தில் தரச் சொன்னார். பத்து நாள் கணக்கை எழுதி இன்றைய தபாலில் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்றிலிருந்து எண்ணுகிறேன்.

மற்றதைப் பற்றி என்னால் இப்போது எழுத முடியாது.


அக்டோபர் 6

தம்பிக்கு,

பயணம் 9ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. 27ஆம் தேதி அங்கே ஒரு தூறல் விழுந்ததென்று மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னாயாம். பிள்ளைகள் உனக்குப் 'பத்து நாள் சித்தப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரணி எல்லாம் கருகிப்போகும் என்று பேராசிரியர் வகுப்பில் குறைப்பட்டுக்கொள்கிறாராம். ஆனால் மாற்றிவிட்டார்.

வாலுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்லி நீ கேட்கவில்லை. ஆனால் அவள் உன் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது, உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு இறங்கக் கூடாது.

உன் பழைய கடிதத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். 'அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா?' என்று கேட்டாள். 'தெரியாது' என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்தாள். மூன்று நாள் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் வாயாடுகிற பெண் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகளை மட்டும் வழக்கம்போலக் கழுவி வைத்தாள்.

நான்காம் நாள், மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருந்த படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

'கையெழுத்து போடு. முழுசாப் படிச்சிட்டுப் போடு.'

படித்தேன். சத்தமாக. கல்லூரியின் பெயரிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை ஒரு வரி விடாமல் படித்தேன். அவள் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் கையெழுத்து போட்டேன். வாங்கிக்கொண்டு போனாள்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதப் போவதில்லை. அது உன்மேல் இன்னொரு சுமை. அவளுக்குக் குளிர் தாங்காது. வலது காதில் சீக்கிரம் வலி வந்துவிடும். பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல். நான் சொன்னால் இப்போது கேட்க மாட்டாள்.

அண்ணி


அக்டோபர் 15

அண்ணிக்கு,

வாலுவும் மற்றவர்களும் 12ஆம் தேதி நல்லபடியாக இறங்கிப் போனார்கள். அடிவாரத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நான் சாப்பிட்டேன். காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து நாளில் சாலையில் ஒரு கல்கூட விழவில்லை. 27ஆம் தேதி வந்திருந்தாலும் பிள்ளைகள் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருப்பார்கள். பேராசிரியர் முதல் நாள் சாப்பாட்டு அறையில் இதைச் சொல்லிக் காட்டினார்.

'என்ன சார், ஒரு கூழாங்கல்கூட உருளலையே?'

'ஆமா சார். உருளலை.'

'அப்ப முன்னாடியே வந்திருக்கலாமே?'

'வந்திருக்கலாம் சார். எனக்கு முன்னாடியே தெரியாதே.'

அவர் குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். சமையல்காரர் உள்ளே இருந்து, 'விழுந்திருந்தா மட்டும் மெடலா குத்தப் போறீங்க?' என்று முணுமுணுத்தார். நல்லவேளை, பேராசிரியர் காதில் விழவில்லை. பெரணி கருகவும் இல்லை. இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுபோனார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. எழுதியிருக்கிறேன், நான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒரே அறைக்கு இரண்டு தடவை தேநீர் கொண்டுபோனேன். கோபம் மறுநாள் வந்தது. மூன்று வருஷம் அண்ணி. அண்ணன் போனதற்குக்கூட நான் முழுசாக அழவில்லை. அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று இருந்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதனால்தான் 23ஆம் தேதி உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் மொட்டைக் கடிதம் போட்டேன்.

10ஆம் தேதி காலை மற்றவர்கள் செடி பறிக்கப் போனபோது, வாலு என்னோடு பதினேழாவது வளைவுக்கு நடந்து வந்தாள். மூன்று கிலோமீட்டர். அங்கே இப்போது கல் சுவர் கட்டியிருக்கிறார்கள். மண் இறங்கிய இடத்தில் புதர் மண்டிவிட்டது. தெரிந்தவர்கள் காட்டினால்தான் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எங்கே நின்றார், எத்தனை மணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அப்பாவுக்கு வலித்திருக்குமா என்று கேட்டாள். உயிர் உடனே போய்விட்டதாகச் சாலை ஆட்கள் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை என்றேன். சுவரில் கையை வைத்தாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, 'என்ன ஆச்சு?' என்று கேட்டார். ஒன்றுமில்லை, குடும்ப விஷயம் என்று அனுப்பி வைத்தோம்.

திரும்பி நடக்கும்போது கேட்டாள்.

'சித்தப்பா, அம்மா இங்க வரணும்னா எப்ப வரலாம்?'

'உங்கம்மா வரேன்னு சொன்னாங்களா?'

'சொல்லலை. நான் கேக்கறேன். நான் அவளோட இன்னும் சரியாப் பேச ஆரம்பிக்கலை. ஆனா கூட்டிட்டு வரணும்.'

நூறு அடி நடந்திருப்போம்.

'மார்ச்' என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

மார்ச் முதல் வாரம் வாருங்கள் அண்ணி. அப்போது இங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. புல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். பூ இல்லை, பனிமூட்டம் இல்லை, வெளியூர்க்காரர்கள் யாரும் வருவதில்லை. ஆனால் மண் இறுகியிருக்கும். காற்று அடங்கியிருக்கும். பகலில் ஒரு சால்வை போதும், இரவில் கம்பளி நான் தருகிறேன். காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறினால் பதினொன்றுக்குள் மேலே வந்துவிடலாம். அதற்குள் என் கோபம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அது இருந்தாலும் உங்களுக்கு அறை இருக்கும்.

விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். வரும் நாளைக் குறித்து ஒரு மாதம் முன்பே அட்டை போடுங்கள். அட்டை கிடைத்தது, வாருங்கள் என்று நான் பதில் எழுதுவேன். அந்தப் பதில் கையில் வராமல் கிளம்ப வேண்டாம்.

தம்பி